நாற்பத்தெட்டு பல்பும் ஒரு மாப்பிள்ளையும்

ஓம் விதி தெரியாதவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. வந்ததெல்லாம் தெரிந்தவர்களால்தான். அதிலும் நம் வாத்தியார் இருக்கிறாரே, தெரிந்தவர்களிலேயே முற்றிப்போன கேஸ்.

டியூஷன் சென்டர் ஒன்றில் பதினோரு வருஷமாக இயற்பியல் நடத்துகிறவர் அவர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், பெருக்கினால் வாட் என்று அவர் போர்டில் எழுதுகிற அழகைப் பார்த்தால் எருமை மாடுகூட நோட்டை எடுத்து எழுதிக்கொள்ளும். ஆனால் வீட்டில் டியூப் லைட் எரியவில்லையென்றால் ஸ்டூல் போட்டு ஏறுகிறவள் அவர் மனைவி. கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, "பாத்து, பாத்து" என்று சொல்வதோடு வாத்தியாரின் பங்கு முடிந்துவிடும்.

மனைவி குடை ராட்டினக்காரர் வீட்டுப் பெண். பன்னிரண்டு மரக்குதிரை, தரைப் பலகைக்கு அடியில் ஒரு மோட்டார், குடையின் விளிம்பைச் சுற்றி நாற்பத்தெட்டு பல்பு. இதுதான் சொத்து. அப்பா போன வருஷம் காலமான பிறகு ராட்டினத்தை ஓட்டுவது மகள். டிக்கெட் கிழிப்பது அம்மா. ஒவ்வொரு பொருட்காட்சிக்கும் குதிரைகளைக் கழற்றி, லாரியில் ஏற்றி, இறக்கி, மறுபடி மாட்டி, அந்த அம்மாவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. "சுத்தறது நம்ம தொழில்தான். அதை ஒரே இடத்துல சுத்தினா ஆகாதா?" என்று கேட்பார்.

அந்த அம்மாவுக்கு மாப்பிள்ளை என்றால் உயிர். அவர்கள் பரம்பரையில் போர்டுக்கு முன்னால் நின்ற முதல் ஆள் அவர்தான். மாப்பிள்ளை இருமினால்கூட அதில் ஏதோ அர்த்தம் இருக்கும் என்று நினைக்கிற ஜீவன். "எங்க மாப்பிள்ளை கணக்கு போட்டாருன்னா கடவுளே வந்து திருத்த முடியாது" என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார். வாத்தியாருக்கு அது தேன். பெண்டாட்டி அவரை அந்த உயரத்தில் வைக்கவில்லை என்பதால் மாமியார் வைத்த உயரம் இன்னும் இனித்தது.

அப்படியிருக்கும்போதுதான் அதிர்ஷ்டம் வந்து கதவைத் தட்டியது. நகரத்துப் பூங்காவின் மேற்கு மூலையில் ராட்டினத்துக்கு நிரந்தரமாக இடம் தருகிறோம் என்றார்கள். ஒரே நிபந்தனை, மின் அலுவலகத்துக் கையெழுத்து. அந்த மூலைக்கு ஐயாயிரம் வாட்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். ராட்டினம் அதற்குள் அடங்குமா என்று ஒரு படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூங்கா திறப்பு. அதற்குள் கையெழுத்து ஆகாவிட்டால் இடம் வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த ஆள், காற்று ஊதிய ரப்பர் கோட்டையில் குழந்தைகளைக் குதிக்க விடுகிற ஒருத்தர்.

"மோட்டார் ரெண்டாயிரம் வாட், தகட்டுலயே அடிச்சிருக்கு" என்றாள் மனைவி. "பல்பு ஒவ்வொண்ணும் அறுபது. அப்பா சொல்லுவாரு."

"சொல்லுவாரு! சொல்றதெல்லாம் அளவாயிடுமா?" என்றார் வாத்தியார்.

பல்பில் அச்சடித்திருக்குமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதில்தான் வினை. குழந்தைகளுக்குப் பிடிக்கட்டும் என்று பல்புகளுக்கெல்லாம் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகப் பெயின்ட் அடித்திருந்தாள் மனைவி. ஒன்றைச் சுரண்டிப் பார்த்ததில் ஒரு சுழி மட்டும் தெரிந்தது. அறுபதின் சுழியா, நூற்றின் சுழியா, யார் கண்டது?

"எதுக்குச் சுரண்டிக்கிட்டு? ஓம் விதி எதுக்கு இருக்கு?" என்று வாத்தியார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பார்வையாளர் இருந்தால் வாத்தியாருக்குக் கேட்கவே வேண்டாம்.

டியூஷன் சென்டரிலிருந்து மீட்டரை எடுத்து வந்திருந்தார். ஒரு பல்பைக் கழற்றி, மேஜையில் வைத்து, மீட்டரின் இரண்டு முனைகளையும் அதன் அடியில் வைத்தார். அறுபத்தைந்து ஓம். இன்னொரு பல்பு. அதுவும் அறுபத்தைந்து. மூன்றாவது, நான்காவது, எல்லாம் அறுபத்தைந்து. அடடா, என்ன ஒற்றுமை என்று மெய்சிலிர்த்துப் போனார்.

"வீட்டு மின்சாரம் இருநூத்து முப்பது வோல்ட். அதை அதாலயே பெருக்கி, எதிர்ப்பால, அதாவது இந்த ஓமால, வகுத்தா வாட்." டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதினார். ஐம்பத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். அதை அறுபத்தைந்தால் வகுத்தால் எண்ணூற்றுப் பதினாலு.

"அறுபதாம்! ஒரு பல்பு எண்ணூத்துப் பதினாலு வாட் தின்னுது, அத்தை!"

மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

எண்ணூற்றுப் பதினாலை நாற்பத்தெட்டால் பெருக்கினால் முப்பத்தொன்பதாயிரத்து எழுபத்திரண்டு. மோட்டாரைச் சேர்த்தால் நாற்பத்தோராயிரம். ஒதுக்கீடோ ஐயாயிரம்.

"இருபது வருஷமா எரிஞ்சிருக்கேங்க" என்றாள் மனைவி.

"அதான் சொல்றேன். இருபது வருஷமா நீங்கெல்லாம் உயிர் தப்பியிருக்கீங்க."

மீட்டர் சொல்கிறது, கணக்கு சொல்கிறது, மாப்பிள்ளையும் சொல்கிறார். இதற்கு மேல் அந்த அம்மாவுக்கு என்ன சாட்சி வேண்டும்? மறுநாளே வாத்தியார் அந்தப் படிவத்தில் அழகான கையெழுத்தில் நாற்பத்தோராயிரத்து எழுபத்திரண்டு என்று எழுதி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தார். அங்கிருந்து போன் வந்தது. "இது ராட்டினமா, இரும்பு ஆலையா? வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு மேடம் நேர்ல வந்து பாப்பாங்க."

"வந்து பாக்கறதுக்கு என்ன இருக்கு" என்றார் மாமியார், முகம் தொங்கிப்போய். "குழந்தைங்க ஏறற வண்டி. ஒரு பொறி விழுந்தா யார் பதில் சொல்றது? நம்ம ராசி அவ்வளவுதான். இடத்தை அந்தக் கோட்டைக்காரருக்கே விட்டுடலாம்." அன்று அவர் சாப்பிடவில்லை. வாத்தியாருக்கு முதல் முறையாகத் தன் கணக்கு சரியாக இருப்பதில் சந்தோஷம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பூங்காவுக்குப் போனபோது, மாமியார் ஒவ்வொரு குதிரையாகத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்தார். கோட்டைக்காரர் தன் கோட்டையைப் படுக்கை மாதிரி சுருட்டித் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஓரமாகக் காத்திருந்தார். பாவம், நல்ல மனுஷர். "அவசரமில்லம்மா, மெதுவா கழட்டுங்க" என்றார்.

மனைவி மட்டும் ஒரு குதிரையையும் தொடவில்லை. மெயின் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"கழட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை போட்டுப் பாக்கப் போறேன்."

"பைத்தியமா உனக்கு? நூத்தி எழுபது ஆம்பியர் ஓடும்! இந்த ஒயர் அப்பளமா பொரிஞ்சிடும்!" என்றார் வாத்தியார்.

"பொரியட்டும்."

"எல்லாரும் விலகுங்க! அத்தை, இங்க வாங்க! கோட்டைக்காரரே, உங்க ரப்பர் தீப்பிடிக்கும்!" என்று கத்திக்கொண்டே வாத்தியார் டிக்கெட் கூண்டுக்குப் பின்னால் ஓடிப்போய்க் குந்தி, காதுகளைப் பொத்தி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

டக்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். பத்து வரை ஒன்றும் வெடிக்கவில்லை. ஒரு கண்ணைத் திறந்தார். குடை முழுக்கச் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. ஒயரில் ஒரு புகை கிடையாது. கோட்டைக்காரர் வாயில் ஈ போவது தெரியாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தானே எரியுது?" என்று வாசல் பக்கம் ஒரு குரல் கேட்டது. மின் அலுவலகத்து மேடம், சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாக. ஒரு கையில் வாத்தியாரின் படிவம், மறு கையில் நண்டுக் கொடுக்கு மாதிரி வாய் பிளந்த ஒரு மீட்டர். "நாப்பதாயிரம் வாட் எங்க இருக்கு?"

"இதோ எரியுதே, மேடம்" என்றார் வாத்தியார், கூண்டுக்குப் பின்னாலிருந்தே.

மேடம் பல்புகளுக்குப் போகிற ஒயரில் ஒற்றை இழையை அந்தக் கொடுக்குக்குள் விட்டுக் கவ்வினார். எண் வந்தது. பன்னிரண்டரை ஆம்பியர்.

"இருக்காது" என்றார் வாத்தியார்.

"நீங்களே பாருங்க, சார்."

பார்த்தார். பன்னிரண்டரைதான். பாக்கெட்டிலிருந்து டிக்கெட்டை எடுத்தார். இருநூற்று முப்பதைப் பன்னிரண்டரையால் பெருக்கினால் இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபத்தைந்து. அதை நாற்பத்தெட்டால் வகுத்தால், ஐயையோ, ஒரு பல்புக்கு அறுபது. மறுபடி வகுத்தார். அப்போதும் அறுபது. ஒரு பல்புக்கு ஓடுவது கால் ஆம்பியர் சொச்சம். இருநூற்று முப்பதை அதால் வகுத்தால் எதிர்ப்பு எண்ணூற்று எண்பது ஓமைத் தாண்டுகிறது. அன்றைக்கு மீட்டர் சொன்னதோ அறுபத்தைந்து.

ஒரே பல்புக்கு இரண்டு எதிர்ப்பா? அதெப்படி? இப்போதே கழற்றி அளந்துவிடுகிறேன் என்று எட்டி ஒரு பச்சை பல்பைப் பிடித்தார்.

"அம்மாடி!"

விரல் வெந்துபோனது. உதறிக்கொண்டே ஒற்றைக் காலில் குதித்தவர், பாதிக் குதியில் அப்படியே நின்றுவிட்டார். சூடு. பல்பு சூடு! அவர் மேஜையில் வைத்து அளந்தது அணைந்துபோய்ச் சில்லென்று கிடந்த பல்பை. எரிகிறபோது உள்ளே இருக்கிற இழை பழுக்கக் காய்கிறது. உலோகம் காய்ந்தால் எதிர்ப்பு ஏறும். பதினோரு வருஷமாக அவரே போர்டில் எழுதிப்போட்ட பாடம்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே சுரைக்காயை நட்டவரே கோட்டை விட்டிருக்கிறார். வாத்தியாருக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. மூக்கு உடைந்தவன் சிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெந்த விரலை வாயில் வைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார்.

"முடிஞ்சது கதை" என்றார் மேடம். "படிவத்தைத் திருத்தி எழுதுங்க. உரிமையாளர் கையெழுத்து வேணும்."

உரிமையாளர் என்றால் மாமியார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"போட மாட்டேன்."

"அம்மா!" என்று அலறினாள் மகள்.

"எங்க மாப்பிள்ளை நாப்பதாயிரம்னா நாப்பதாயிரம்தான். அவர் கணக்குல தப்பு வராது. மேடம், அந்தக் கொடுக்கு புதுசா? எதுக்கும் வேற ஒண்ணு வெச்சுப் பாருங்க."

மேடம் வாத்தியாரின் பக்கம் குனிந்து, "உங்க பழைய மீட்டர் ரிப்பேர்னு எழுதிக்கலாம், சார். உங்களுக்கும் கௌரவமா இருக்கும்" என்று காதோடு சொன்னார்.

என்ன இனிமையான யோசனை! வாத்தியார் வாயைத் திறந்துவிட்டார். "அத்தை, அந்த மீட்டர்..."

"மீட்டர் ரிப்பேரா?" என்று மாமியார் முந்திக்கொண்டார். "அது ரிப்பேராகலாம்னா இதுவும் ரிப்பேராகலாம்தானே? இதை நம்பிக் குழந்தைங்களை எப்படி ஏத்தறது?"

அத்தோடு அந்த வழி அடைபட்டது. மீட்டர் மேல் பழி போட்டால் மீட்டரே பொய் என்றாகிவிடும். கணக்கின் மேல் போட முடியாது, கணக்கில் பிசகில்லை. மிச்சமிருப்பது ஒரே ஆள். அந்த ஆளை மாமியார் வைத்திருக்கிற உயரத்திலிருந்து கீழே தள்ள வேண்டும். தள்ள வேண்டியவரும் அவரேதான். மணி நாலே கால்.

"மோட்டாரையும் ஓட்டிப் பாக்கணும்" என்றார் மேடம். "சும்மா இல்ல, ஆள் ஏறணும்."

மனைவி தார்ப்பாய்களைப் பறித்து வீசினாள். பூங்காவில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த நாலு பேர் ஏறினார்கள். போதவில்லை. "நானும் வரட்டுமா?" என்று கூச்சத்தோடு கேட்டு, தன் இடம் பறிபோகிற சோதனைக்குக் கோட்டைக்காரரே ஒரு வெள்ளைக் குதிரையில் ஏறிக்கொண்டார். வாத்தியார் அதற்குப் பின்னால் இருந்த கறுப்புக் குதிரையில். மனைவி மோட்டாரைப் போட்டாள். ராட்டினம் மெல்ல அசைந்து, முனகி, சுழல ஆரம்பித்தது.

டிக்கெட் கூண்டு வாசலில் மாமியார் நின்றார். குதிரை அந்தப் பக்கம் வந்ததும் வாத்தியார் கம்பியைக் கட்டிக்கொண்டு கத்தினார்.

"அத்தை! மீட்டரும் சரி! கணக்கும் சரி!"

"கேட்டீங்களா மேடம்? அதைத்தானே நானும் சொல்றேன்!" என்றார் மாமியார் வெற்றியோடு. மீதியைச் சொல்வதற்குள் குதிரை அவரைத் தோட்டத்துப் பக்கம் கொண்டுபோய்விட்டது.

அடுத்த சுற்று. "ஆனா நான் தப்பு!"

"என்னது?"

அதற்கும் அடுத்த சுற்று. "அணைஞ்ச பல்பை அளந்துட்டேன், அத்தை! தூங்கறவனைப் பாத்து ஊமைன்னு சொன்ன மாதிரி!"

"ஒண்ணும் புரியலையே!"

"எரிஞ்சா சூடாகும்! சூடானா எதிர்ப்பு ஏறும்! பதிமூணு மடங்கு!" வேகம் கூடிவிட்டது. மரங்களும் மேடமும் மாமியாரும் கலந்து ஒரே கோடாக ஓடினார்கள். வெள்ளைக் குதிரைமேல் கோட்டைக்காரர், "ஆஹா, ஆஹா" என்று ஆனந்தமாகக் கூவிக்கொண்டிருந்தார். "எதிர்ப்பு ஏறினா கரன்ட் குறையும்! கரன்ட் குறைஞ்சா வாட் குறையும்!"

"அதுக்காக நீங்க ஏன் உங்களையே குறைச்சுக்கறீங்க, மாப்பிள்ளை?"

அந்தக் கேள்வி வாத்தியாரின் நெஞ்சில் போய்த் தைத்தது. கூண்டைத் தாண்டிப் போகும்போது மாமியாரின் முகம் அரை நொடி தெரிந்தது. நம்பவும் பயம், நம்பாமல் இருக்கவும் பயம். மறுபடி வந்தபோது வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தார், கம்பியை விட்டுவிட்டோம் என்ற நினைப்பே இல்லாமல்.

"மாமா சொன்னதுதான் சரி, அத்தை! அறுபது! அவர் ஒரு பல்புகூடத் தப்பா போடலை! நான்தான் முட்டாள்!"

மாமியார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அடுத்த சுற்றில் பார்த்தபோது அவர் கூண்டு வாசலில் இல்லை. மேடத்துக்குப் பக்கத்தில் நின்று, கண்ணைத் துடைத்தபடி பேனாவைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவர் சொன்னா சொன்னதுதான்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். மாப்பிள்ளையைச் சொன்னாரா, புருஷனைச் சொன்னாரா, யாரும் கேட்கவில்லை. பட்டையாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு கோட்டைக்காரரைப் பார்த்து, "தம்பி, இன்னொரு சுத்து வேணும்னா சுத்திக்கோங்க. ஆனா கோட்டையை வேற எங்கயாவது ஊதிக்கோங்க" என்றார்.

மேடம் மெயின் ஒயரைக் கவ்விப் பார்த்தார். மோட்டார், பல்பு, ஆள் எல்லாம் சேர்த்து இருபத்தொன்று புள்ளி இரண்டு ஆம்பியர். மனைவி ராட்டினத்தை நிறுத்தினாள். வாத்தியார் இறங்கினார். அவர் இறங்கினாலும் பூமி நிற்கவில்லை. நேராகப் போவதாக நினைத்து வளைந்து வளைந்து போய்த் தள்ளுவண்டியில் இருந்த ரப்பர் கோட்டைமேல் பொத்தென்று விழுந்தார். மனைவி ஓடி வந்தாள். தூக்கிவிடுவதற்குப் பதிலாக அவளும் பக்கத்தில் விழுந்து, சத்தம் போட்டுச் சிரித்தாள். கல்யாணமாகி இத்தனை நாளில் அவள் தன்னை இவ்வளவு உயரத்தில் வைத்துப் பார்த்ததில்லை என்று அந்தக் கிறுகிறுப்பிலும் அவருக்குத் தோன்றியது.

மாமியார் வந்து தலைமாட்டில் நின்றார். வாசல் பக்கம் குழந்தைகளின் கூச்சல் கேட்க ஆரம்பித்திருந்தது.

"இருநூத்து முப்பது வோல்ட், இருபத்தொண்ணு புள்ளி ரெண்டு. மொத்தம் எவ்வளவு, மாப்பிள்ளை?"

இன்னமும் என்னிடமா கேட்கிறார்? வாத்தியார் படுத்தபடியே கண்ணை மூடிக்கொண்டு பெருக்கினார். "நாலாயிரத்து எண்ணூத்து எழுபத்தாறு, அத்தை."

"ஐயாயிரத்துக்கு நூத்திச் சொச்சம் மிச்சம் இருக்கே? அதுல இன்னும் எத்தனை பல்பு போடலாம்?"

"ரெண்டு."

மாமியார் தலையை ஆட்டினார். முகத்தை ரொம்ப சீரியஸாக வைத்துக்கொண்டு, அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து அவரிடம் ஒரு தடவைகூடப் பேசாத தொனியில் கேட்டார்.

"எரியும்போதா, அணைஞ்சிருக்கும்போதா?"